கிளாசிக் மினியைத் தாழ்த்தியபின் உயரம் சரியாக அமையவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

1959 முதல் 2000 வரை இங்கிலாந்தில் தயாரான பழைய மினி காரைத் தாழ்த்துவது பார்ப்பதற்கு எளிய வேலை. நான்கு மூலைகளிலும் உள்ள டிரம்பெட் என்னும் தாங்குகுழலைக் கழற்றி, நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய 'ஹை-லோ' வகைக் குழலை மாட்டி, வேண்டிய உயரத்துக்குத் திருகினால் போதும் என்றுதான் பலரும் தொடங்குகிறார்கள். பிறகு ஒரு மூலை தூக்கி நிற்கிறது, மற்றொன்று அமுங்கி நிற்கிறது, வேகத்தடையில் 'டங்' என்று அடிக்கிறது. உடனே கை மீண்டும் ஸ்பேனரைத் தேடிப் போகிறது. பெரும்பாலான நேரங்களில் திருக வேண்டியது அந்த மரையே அல்ல. ஸ்பிரிங்காக வேலை செய்யும் ரப்பர் கோன், பந்து மூட்டு, புஷ், இவற்றைத் தாங்கும் சட்டகமான சப்ஃப்ரேம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று பொய்யான உயரத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பொய்யை மரையால் சரிக்கட்டினால் குறை மறையுமே தவிர நீங்காது. ஆகவே கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் முதலில் எதைச் சந்தேகிக்க வேண்டும், மரையை எப்போது தொடலாம் என்ற வரிசையில் எழுதியிருக்கிறேன்.

இது ரப்பர் கோன் உள்ள கார்களுக்கு மட்டும் பொருந்தும். 1964-இல் தொடங்கி 1971 வரை சில மாடல்களில் வந்த ஹைட்ரோலாஸ்டிக் அமைப்பில் முன் பின் அலகுகள் திரவக் குழாயால் இணைந்திருக்கும்; அதன் கதை வேறு. முன் சக்கரங்களுக்கு ஷாக் அப்சார்பரே இல்லாமல் காரின் அடியில் நீளவாக்கில் குழாய்கள் ஓடினால் உங்களுடையது அந்த வகை.

அளப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு

அலெக்ஸ் மௌல்டன் வடிவமைத்த அந்தக் குட்டையான ரப்பர் கோன்தான் நான்கு மூலைகளிலும் ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. முன்னும் பின்னும் ஒரே கோன். சக்கரத்துக்கும் கோனுக்கும் இடையில் உள்ள கை (சஸ்பென்ஷன் ஆர்ம்) நெம்புகோலாக இயங்குவதால், முன்னால் டிரம்பெட்டில் 1 மி.மீ. மாற்றினால் சக்கரத்தில் சுமார் 3 மி.மீ. மாறும், பின்னால் அதே 1 மி.மீ. சுமார் 5 மி.மீ. ஆகிவிடும். வெறும் காரில் ஒரு முன்சக்கரத்தின் மேல் ஏறத்தாழ 200 கிலோவும் ஒரு பின்சக்கரத்தின் மேல் ஏறத்தாழ 120 கிலோவும் அமர்கின்றன. இரண்டையும் அந்தந்த விகிதத்தால் பெருக்கிப் பார்த்தால், எந்த மூலையாக இருந்தாலும் கோன் சுமப்பது அரை டன்னுக்கு மேல் என்பது விளங்கும். ஒரே கோனை நான்கு இடத்திலும் வைக்க முடிந்ததன் சூட்சுமம் இதுதான். முன்பக்கக் கோனை அதற்கென உள்ள அழுத்தும் கருவி இல்லாமல் கழற்றக் கூடாது என்பதற்கான காரணமும் இதுதான். அந்தக் கருவியை வாங்கும்போது உங்கள் கோனின் மரை பழைய அங்குல மரையா, பிற்கால மெட்ரிக் மரையா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டுக்கும் திருகாணி தருகிற கருவிகளும் உண்டு.

பின்பக்கத்தில் 25 மி.மீ. தாழ்த்த வேண்டுமானால் டிரம்பெட்டில் குறைக்க வேண்டியது வெறும் 5 மி.மீ. என்பதை மனத்தில் வையுங்கள். உங்கள் குழலின் மரை ஒரு முழுச் சுற்றுக்கு எத்தனை மி.மீ. நகர்கிறது என்பதை, காரில் மாட்டும் முன்பே மேசையில் வைத்து வெர்னியர் காலிப்பரால் அளந்து எழுதிவைத்துக்கொண்டால், பின்னர் ஒவ்வொரு முறையும் ஊகித்துத் திருக வேண்டியிருக்காது. 1.5 மி.மீ. மரை என்றால் ஒரு சுற்று முன்னால் நாலரை மி.மீ., பின்னால் ஏழரை மி.மீ. அரைச் சுற்று கூடிப்போனாலே பின்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும்.

அளக்கும் இடம் சக்கர மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு வளைவின் விளிம்பு வரை. டயர் தேய்மானமோ காற்றழுத்தமோ இந்த அளவைப் பெரிதாகப் பாதிக்காது. ஆனால் பழைய மினிகளில் வளைவுகள் ஒரு முறையாவது வெட்டி ஒட்டப்பட்டிருக்கும். இடமும் வலமும் சில மி.மீ. வேறுபடுவது சாதாரணம். எனவே கதவுக்குக் கீழே உள்ள சில்லின் இரு முனைகளிலிருந்தும் தரை வரை மற்றோர் அளவையும் எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வளைவு ஒன்று சொல்ல, சில் வேறொன்று சொன்னால், தவறு சஸ்பென்ஷனில் இல்லை, தகட்டு வேலையில் இருக்கிறது. தரை சமமாக இருக்கிறதா என்பதை ரசமட்டத்தால் பார்த்துவிடுங்கள். வீட்டு முற்றங்கள் பெரும்பாலும் தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவாகவே போடப்பட்டிருக்கும்.

எவ்வளவு திருகியும் கார் உயரமாகவே நிற்கிறது

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: ஜாக்கியிலிருந்து இறக்கிய பிறகு காரை உருட்டினீர்களா? இறக்கும்போது சக்கரங்கள் பக்கவாட்டில் விரிய வேண்டும். டயர் தரையைப் பிடித்துக்கொண்டிருப்பதால் முன்பக்கம் பாதியிலேயே நின்றுவிடும். சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, பானட்டிலும் டிக்கியிலும் நான்கைந்து முறை அழுத்திவிட்டு அளந்தால் 10 முதல் 20 மி.மீ. வரை வேறுபாடு வருவதை நீங்களே காண்பீர்கள்.

இரண்டாவது காரணம், கோன் புதியதாக இருப்பது. புதிய ரப்பர் தன் பாரத்தின் கீழ் அமர்ந்துகொள்ள வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். ஓர் அங்குலம் வரையிலும்கூட இறங்கும். புதிய கோன் போட்ட அன்றே விரும்பிய உயரத்துக்குத் திருகிவிட்டவர்கள், ஆறு மாதத்தில் எக்ஸாஸ்ட் குழாய் தரையில் உரசுவதாகப் புலம்புவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். புதிய கோன் போட்டால் வேண்டிய உயரத்தைவிடத் தூக்கியே விட்டு, அன்றாடம் ஓட்டி, அளவு இரண்டு வாரம் மாறாமல் நின்ற பிறகே இறுதியாகத் திருகுங்கள்.

மூன்றாவது, டிரம்பெட்டின் முனைப் பந்து அமரும் நைலான் கிண்ணம் சஸ்பென்ஷன் கையில் உள்ள குழிக்குள் முழுமையாக இறங்காமல் இருப்பது. குழிக்குள் பழைய கிரீஸும் துருவும் அடைந்திருந்தால் கிண்ணம் அரைகுறையாக உட்காரும். பின்பக்கத்தில் இந்த 2 மி.மீ. கசடு சக்கரத்தில் 10 மி.மீ. உயரமாகத் தெரியும். குழியைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டுக் கிண்ணத்தைப் போடுங்கள்.

பின்பக்கத்தில் ஒரு மூலை மட்டும் திடீரென்று தூக்கி நிற்கிறது

தாழ்த்திய மினியில் இதைவிடப் பொதுவான குறை இல்லை. இதைப் போல ஆளை ஏமாற்றும் குறையும் இல்லை.

டிரம்பெட்டின் முனையில் உள்ள எஃகுப் பந்து, ரேடியஸ் ஆர்ம் என்னும் பின்சக்கரக் கையில் உள்ள நைலான் கிண்ணத்துக்குள் அமர்ந்திருக்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் காரின் பாரம்தான். டிரம்பெட்டைக் குட்டையாக்கிய பிறகு ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டால், கை தன் எல்லை வரை இறங்கும்போது பந்துக்கும் கிண்ணத்துக்கும் இடையில் இடைவெளி விழுகிறது. பந்து மெல்ல நழுவிக் கிண்ணத்தின் விளிம்பில் தொற்றிக்கொள்கிறது. காரை இறக்கினால் அந்த விளிம்பின் மேலேயே பாரம் ஏறி, அந்த மூலை ஓர் அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்து நிற்கிறது.

என் 1987 மினியில், பிரேக் ஷூ மாற்றியபின் இடது பின்பக்கம் 22 மி.மீ. உயர்ந்திருந்தது. நான் யோசிக்காமல் மரையை மூன்று சுற்று உள்ளே திருகி, இடமும் வலமும் சமமாகிவிட்டதென்று மகிழ்ந்தேன். மறுநாள் தெருமுனை வேகத்தடையில் ஏறியதும் பின்னால் சுத்தியலால் அடித்தது போல ஒரு சத்தம். பந்து தானாகவே கிண்ணத்துக்குள் விழுந்துவிட்டது. கூடவே அந்த மூலையும் நான் திருகிய அளவுக்கு இறங்கி, டயர் வளைவில் உரசிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். கழற்றிப் பார்த்தபோது கிண்ணத்தின் விளிம்பு நகம் வெட்டியது போலப் பிறை வடிவில் பிளந்திருந்தது.

செய்ய வேண்டியது இது. காரை உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றுங்கள். ரேடியஸ் ஆர்முக்கும் சப்ஃப்ரேமுக்கும் இடையில் டார்ச் அடித்தால் டிரம்பெட்டின் முனை தெரியும்; அதைச் சுற்றியுள்ள ரப்பர் உறை ஒரு பக்கம் மட்டும் பிதுங்கியிருந்தால் பந்து இடம் மாறியிருக்கிறது. கையை முழுவதும் இறக்கி, தட்டையான கம்பியால் பந்தைக் கிண்ணத்தின் நடுவுக்கு நகர்த்திப் பிடித்துக்கொண்டு, இன்னொருவர் மற்றொரு ஜாக்கியால் கையை மெதுவாக உயர்த்த வேண்டும். கிண்ணத்தில் கீறல் இருந்தால் மாற்றிவிடுங்கள். விலை மலிவான உதிரிதான். இனி எப்போது பின்பக்கத்தைத் தூக்கினாலும், இறக்கும் முன் கையைச் சற்றே உயர்த்தி, பந்து கிண்ணத்தில் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகே இறக்குவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு மூலை மட்டும் தாழ்ந்து நிற்கிறது

இங்கே எதையும் திருகும் முன், காரில் என்ன பாரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒற்றைத் தொட்டி உள்ள மினியில் பெட்ரோல் இடது பின்பக்கம்; பாட்டரி டிக்கியின் தரையில் வலது பக்கம். 34 லிட்டர் தொட்டி நிறைந்தால் சுமார் 25 கிலோ. வலப்பக்க ஓட்டுநர் இருக்கையில் ஆள் அமர்ந்தால் கணக்கு மறுபடியும் மாறுகிறது. பாதித் தொட்டி பெட்ரோலுடன், இருக்கையில் உங்கள் எடைக்கு நிகரான மூட்டைகளை வைத்து அளப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. காலியான காரைச் சமமாக்கிவிட்டு, பிறகு ஆள் ஏறியதும் வலப்பக்கம் சாய்கிறதே என்று வருந்துவதில் பயனில்லை.

அடுத்து, எதிர் மூலையைப் பாருங்கள். நான்கு கால் உள்ள முக்காலியில்—பெயர் அப்படி, கால் நான்கு—ஒரு காலுக்கு அடியில் அட்டை வைத்தால் என்ன ஆகும்? அதுவும் அதற்குக் குறுக்கே உள்ள காலும் பாரத்தை ஏற்கும். மற்ற இரண்டும் லேசாகும். காரும் அப்படியே. இடது பின்மூலையை அதிகம் உயர்த்தியிருந்தால் வலது முன்மூலை அமுங்கும். அங்கே ஒரு குறையும் இருக்காது. வலது முன்பக்கம் தாழ்ந்திருக்கிறதென்று அதையும் உயர்த்தினால் அந்த மூலைவிட்டத்தின் மேல் பாரம் மேலும் ஏறி, பிரேக் போடும்போது கார் ஒரு பக்கம் இழுக்கத் தொடங்கும். இரண்டு பின்பக்கங்களையும் முதலில் சமமாக்கி, அதன் பின் முன்பக்கத்துக்கு வருவதே நான் பின்பற்றும் ஒழுங்கு.

இவை இரண்டும் இல்லையென்றால் கோன் தளர்ந்திருக்கலாம். பல பத்தாண்டுகள் பழைய ரப்பர் தட்டையாகி, கெட்டிப்பட்டு, வெடித்திருக்கும். ஒன்று போனால் மற்றதும் அதே வயது என்பதால் ஒரு அச்சுக்கு இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதியதும் பழையதுமாகக் கலந்தால் அளவு ஒருபோதும் நிலைக்காது.

பின்பக்கம் என்றால் சப்ஃப்ரேமையும் கட்டாயம் பார்க்க வேண்டும். கோன் முட்டிக்கொண்டிருக்கும் குறுக்குப் பகுதியிலும், உடலோடு இணையும் பிடிமானங்களிலும் துரு அரித்திருந்தால், அரை டன் அழுத்தம் தகட்டை உள்ளே தள்ளிக்கொண்டே போகும். வாரந்தோறும் ஒரே மூலை 2, 3 மி.மீ. இறங்குகிறது, மரையோ நகரவில்லை என்றால், ஒரு திருப்புளியை எடுத்துக் கோனின் பின்புறத் தகட்டைக் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் வேலை அங்கேயே நிற்கட்டும்; சப்ஃப்ரேம் மாற்றும் வரை அந்தக் கார் சாலைக்குப் போகக் கூடாது.

தாழ்த்திய பிறகு மேடு பள்ளத்தில் இடிக்கிறது

டிரம்பெட்டைக் குறைத்தால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். காரின் பாரம் மாறவில்லை. எனவே நின்ற நிலையில் கோன் அமுங்கும் அளவும் ஏறக்குறைய மாறவில்லை. குறைந்துபோனது, சக்கரம் மேலே எழுவதற்கு மிச்சமிருந்த இடம். 30 மி.மீ. தாழ்த்தினால், சக்கரம் மேலே எழுவதைத் தடுத்து நிறுத்தும் பம்ப் ஸ்டாப் ரப்பர் 30 மி.மீ. முன்னதாகவே முட்டுகிறது. அந்த இடிதான் உங்களுக்குக் கெட்டியாகத் தெரிகிறது.

பம்ப் ஸ்டாப்பின் மேல் கிரீஸைத் தடவிவிட்டு ஒரு சுற்று ஓட்டி வாருங்கள். கிரீஸ் சஸ்பென்ஷன் கையில் ஒட்டியிருந்தால் முட்டுகிறது என்று பொருள். முட்டுவது எப்போதாவது பெரிய பள்ளத்தில் மட்டும் என்றால் கவலை இல்லை. ஒவ்வொரு வேகத்தடைக்கும் என்றால் உயர்த்துவதே மருந்து. பம்ப் ஸ்டாப்பை வெட்டிக் குட்டையாக்கும் வழக்கம் இருக்கிறது. அதைச் செய்தால் அடுத்து முட்டுவது ஷாக் அப்சார்பரின் உள்தடியோ, மட்கார்டில் டயரோ. அடித்தள உதிரி ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றைப் பலி கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. முன்பக்கக் கீழ்க்கை, ஆள் அமர்ந்த நிலையில், தரைக்கு இணையாக வரும் வரை தாழ்த்தலாம் என்பது என் எல்லை. கையின் வெளிமுனை உள்முனையைவிட மேலே போய்விட்டால் டிரைவ் ஷாஃப்டின் கோணமும் ஸ்டியரிங்கின் நடத்தையும் கெடத் தொடங்கும்.

பாலம் ஏறி இறங்கும்போது 'க்ளாங்'

இடி மேலே போகும்போதா, கீழே தொங்கும்போதா என்று பிரித்தறிவது முக்கியம். மேட்டின் உச்சியைக் கடந்து கார் லேசாகும் நொடியில் சத்தம் வந்தால், சக்கரம் அளவுக்கு மீறித் தொங்கி, பந்து கிண்ணத்தை விட்டு விலகி மீண்டும் அறைகிறது. பின்பக்கத்தில் கை எவ்வளவு தொங்கலாம் என்பதை முடிவு செய்வது ஷாக் அப்சார்பரின் நீளம். தாழ்த்திய காரில் பழைய நீளமான ஷாக் அப்சார்பரையே விட்டுவைத்தால் இந்தத் தளர்வு தவிர்க்க முடியாதது. தாழ்த்திய மினிக்கென்றே வரும் குட்டை ஷாக் அப்சார்பர்களை மாட்டுங்கள். இடது பின்பக்கத்தின் மேல் நட்டு பெட்ரோல் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். தொட்டியின் பட்டையைத் தளர்த்தி அதை நகர்த்த வேண்டியிருப்பதால், தொட்டி காலியாக இருக்கும் நாளில், பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

டயர் உரசுகிறது, அல்லது உள்விளிம்பு மட்டும் தேய்கிறது

பின்சக்கரம் நேரே மேலும் கீழும் ஊசலாடுவது. தாழ்த்துவதால் அது சாய்வதில்லை. எனவே தாழ்த்திய பிறகு பின்சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே சாய்ந்து தெரிந்தால் குற்றம் உயரத்தின் மேல் அல்ல; ரேடியஸ் ஆர்மின் ஒரு முனையில் உள்ள ஊசி பேரிங்கும் மறுமுனையில் உள்ள வெண்கலப் புஷ்ஷும் கிரீஸ் காணாமல் தேய்ந்திருக்கும். சக்கரத்தை 12 மணி, 6 மணி நிலைகளில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் சக்கர பேரிங்கில் இருந்தால் டிரம் மட்டும் ஆடும். கையோடு சேர்ந்து ஆடினால் ரேடியஸ் ஆர்ம்.

முன்பக்கம் வேறு மாதிரி. தொழிற்சாலை நிலையில் முன்சக்கரங்களின் கேம்பர், அதாவது செங்குத்திலிருந்து சாயும் கோணம், சுமார் 2 டிகிரி பாசிட்டிவ் (மேற்பகுதி வெளியே சாய்ந்திருக்கும்). தாழ்த்தும்போது அது குறைந்து நேராகிறது. கூடவே டிராக்கிங்கும் (மேலிருந்து பார்த்தால் இரு சக்கரங்களும் முன்னோக்கி விரிந்தோ குவிந்தோ நிற்கும் அளவு) மாறிவிடுகிறது. முன்னால் 1/16 அங்குலம் வெளிவிரிவு, பின்னால் 1/8 அங்குலம் உட்குவிவு என்பது தொழிற்சாலை அளவு. உயரத்தை இறுதி செய்த பிறகுதான் டிராக்கிங் பார்க்க வேண்டும். முதலில் பார்த்துவிட்டுப் பிறகு தாழ்த்தினால் கொடுத்த பணம் வீண்.

மரை அசையவே மாட்டேன் என்கிறது

அலுமினியக் குழலில் எஃகு மரை. அதன் மேல் இங்கிலாந்துக் குளிர்காலச் சாலைகளில் தூவும் உப்பு. இரண்டு ஆண்டு தொடாமல் விட்டால் இரண்டும் ஒன்றாகிப் பிடித்துக்கொள்ளும். பாரம் இருக்கும்போது ஒருபோதும் திருக முயலாதீர்கள். காரைத் தூக்கிப் பாரத்தை விடுவித்து, துருநீக்கும் எண்ணெயை இரவு முழுவதும் ஊறவிட்டு, முதலில் நீட்டும் திசையில் கால் சுற்று, பிறகு குறைக்கும் திசையில் என்று மாறி மாறி அசைத்தால் பெரும்பாலும் இறங்கிவரும். வந்த பிறகு கழற்றிச் சுத்தம் செய்து, செம்புக் கிரீஸ் தடவி, வெளியே தெரியும் மரையைச் சுற்றி மெழுகுத் துணியைச் சுற்றிவிடுங்கள். லாக் நட்டை இறுக்கியதும் பெயின்ட் பேனாவால் நட்டுக்கும் தண்டுக்கும் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். அடுத்த முறை உயரம் மாறியதாகத் தோன்றினால் அளவுகோலை எடுப்பதற்கு முன் அந்தக் கோட்டைப் பார்க்கலாம். கோடு உடையாமல் இருந்தால் மரை நகரவில்லை. கோனிலிருந்து தேடத் தொடங்குங்கள்.